கேட்டால்தான் சொல்வார்: கணினிக்குள் ஒரு நோயாளி



லேபில் ஒரு சர்க்யூட்டைத் தப்பாக இணைத்தால் என்ன ஆகும்? ஃபியூஸ் போகும். லேப் அசிஸ்டென்ட் அண்ணன் ஒரு முறை முறைப்பார். வேறு ஃபியூஸ் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிப்போம். கோடிங்கில் அந்தச் செலவுகூடக் கிடையாது. எரர் வந்தால் திருத்தி, இன்னொரு தடவை ரன் பண்ணினால் முடிந்தது.

மருத்துவக் கல்லூரியில் படிக்கும் நம் பள்ளித் தோழர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. "தப்பு பண்ணிப் பழகிக்கோ" என்று ஒரு நோயாளியை யாரும் அவர்கள் கையில் கொடுக்க மாட்டார்கள். அதே சமயம், முடிவெடுத்துப் பழகாத ஒருவர் நல்ல டாக்டராகவும் முடியாது. இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் கணினிக்குள் நோயாளிகளை உருவாக்க ஆரம்பித்தார்கள். ஆங்கிலத்தில் 'வர்ச்சுவல் பேஷன்ட்' என்கிறார்கள். நாம் 'மெய்நிகர் நோயாளி' என்று சொல்லலாம்.

இதை ஏன் நம்ம இன்ஜினியரிங் பத்திரிகையில் எழுத வேண்டும்? ஏன்னா, அந்த நோயாளியைக் கட்டப்போவது நாம்தான். எந்தத் தகவலை மறைப்பது, கடிகாரம் எப்படி ஓடுவது, எதற்கு மார்க் போடுவது என்று நாம் எடுக்கிற முடிவுதான் நாளைய டாக்டரின் பழக்கமாக மாறும். அதைப் பற்றித்தான் இந்தப் பாடம்.

மெய்நிகர் நோயாளி என்றால் என்ன?

ஒரு இணையதளத்தைத் திறக்கிறீர்கள். "19 வயது மாணவர், 4 நாளாகக் காய்ச்சல்" என்று ஒரு வரி வருகிறது. இனி நீங்கள்தான் டாக்டர். கேள்வி கேட்க வேண்டும், உடலைப் பரிசோதிக்க வேண்டும், ரத்தப் பரிசோதனைக்கு எழுத வேண்டும், மருந்து கொடுக்க வேண்டும், வீட்டுக்கு அனுப்புவதா அட்மிட் செய்வதா என்று முடிவெடுக்க வேண்டும். ஒவ்வொரு முடிவுக்கும் ஏற்றபடி நோயாளியின் நிலை மாறும். கடைசியில் நீங்கள் செய்தது சரியா, எங்கே கோட்டை விட்டீர்கள் என்று விளக்கம் வரும். அவ்வளவுதான்.

இதில் பெரிய கிராஃபிக்ஸ் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. வெறும் எழுத்தும் இரண்டு எக்ஸ்ரே படமும் இருந்தாலே போதும். பொம்மையை வைத்துச் செய்யும் பயிற்சி வேறு ரகம். நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் முதலுதவிக்கு நார்வே நாட்டு பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்மண்ட் லேர்டால் 1960ல் கொண்டுவந்த 'ரெசசி ஆன்' பொம்மை கைக்குப் பயிற்சி தருகிறது. மெய்நிகர் நோயாளி மூளைக்குப் பயிற்சி தருகிறார். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

60 வருஷத்துக் கதை

இது நேற்று வந்த ஐடியா இல்லை. 1963ல் அமெரிக்காவின் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர், நோயாளி போல நடிக்க ஆட்களைப் பழக்கி, அவர்களை வைத்து மாணவர்களைச் சோதித்தார். இன்றும் பல நாடுகளில் மருத்துவத் தேர்வுகளில் நடிப்பு நோயாளிகள் வருவதற்கு அதுதான் தொடக்கம்.

அதே காலத்தில் இலினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர் என்ற எலெக்ட்ரிக்கல் இன்ஜினியர் 'பிளேட்டோ' என்ற கணினிக் கல்வி அமைப்பை உருவாக்கிக்கொண்டிருந்தார். செவிலியரான மேரியன் பிட்சர் அதே பிளேட்டோவில், மாரடைப்பு நோயாளியைப் பராமரிப்பது பற்றி செவிலியர் மாணவிகளுக்கு ஒரு பாடம் அமைத்தார். விரிவுரையாக எல்லாவற்றையும் கொட்டாமல், தேவையான தகவலை மாணவியே கணினியிடம் தேடிப் பெறும்படி அந்தப் பாடம் இருந்தது. 1971ல் அதே இலினாயிலிருந்து 'கேஸ்' என்ற நிரல் வந்தது. அதில் மாணவர் இயல்பான ஆங்கிலத்தில் கேள்வியைத் தட்டச்சு செய்தால், நோயாளி பதில் சொல்வார். இன்றைய சாட்பாட்டுக்குத் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கோரில் வந்த பக்

இப்போது சொல்லப்போவது நம்ம ஆட்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

கணினி எல்லோருக்கும் கிடைக்காத 1960களில், அமெரிக்க மருத்துவத் தேர்வு வாரியம் இதையே காகிதத்தில் செய்தது. நோயாளியின் கதை, கீழே நீளமான ஒரு பட்டியல். "இந்தப் பரிசோதனையைச் செய்கிறேன்" என்று தேர்ந்தெடுத்தால், அதற்குப் பக்கத்தில் இருக்கும் மறைப்பை ரப்பரால் தேய்க்க வேண்டும். உள்ளே முடிவு தெரியும். ஒரு தடவை தேய்த்தால் தேய்த்ததுதான், அன்டூ கிடையாது!

பிரமாதமான ஐடியா. ஆனால் மார்க் போடுவதில் சிக்கல் வந்தது. பயனுள்ள ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்தால் மார்க் சேரும். அதனால் பட்டியலில் இருப்பதை ஒன்று விடாமல் தேய்ப்பவருக்கு மார்க் ஏறியது. அனுபவமுள்ள டாக்டரோ நாலே கேள்வியில் நோயைப் பிடித்துவிட்டு, மற்றதைத் தொடாமல் விட்டார். அவருக்கு மார்க் குறைந்தது. அதாவது, திறமையை அளக்கப் போன கருவி, எல்லாவற்றையும் செய்து பார்க்கும் பழக்கத்தை அளந்துகொண்டிருந்தது. பிறகு அந்த முறையை வாரியமே கைவிட்டது.

இதன் ஆபத்தை யோசித்துப் பாருங்கள். 'டெஸ்ட் எல்லாத்தையும் எழுதிடு, மார்க் வந்துடும்' என்று பழகிய மாணவர் நாளைக்கு ஓ.பி.யில் உட்காருவார். அவர் எழுதும் ஒவ்வொரு தேவையில்லாத ஸ்கேனுக்கும் காசு கொடுப்பது ஒரு தினக்கூலிக் குடும்பமாக இருக்கலாம். நம்ம கோடில் ஒரு ஸ்கோரிங் ஃபங்ஷன் தப்பாக இருந்தால் பில் அங்கே போய் விழும்.

அந்த ஆராய்ச்சிகளில் இன்னொரு உண்மையும் தெரியவந்தது. ஒரு நோயாளியை நன்றாகக் கையாண்ட மாணவர் அடுத்தவரையும் அப்படிக் கையாளுவார் என்று சொல்ல முடியாது. நெஞ்சு வலியில் கெட்டிக்காரராக இருப்பவர் வயிற்று வலியில் தடுமாறலாம். ஆர்தர் எல்ஸ்டீன் குழுவினர் 1978ல் வெளியிட்ட ஆய்வு நூலில் இது தெளிவாக வந்தது. ஆக, ஒரே ஒரு பெரிய கேஸைவிட, விதவிதமான பல கேஸ்கள் தேவை. வார்டில் அது நம் கையில் இல்லை. நீங்கள் போஸ்டிங்கில் இருக்கும் இரண்டு வாரத்தில் எந்த நோயாளி வருவார் என்பது அதிர்ஷ்டம். கணினியில் அது திட்டம். மெய்நிகர் நோயாளியின் உண்மையான பலம் இதுதான்.

கடிகாரம் ஓட வேண்டும்

அமெரிக்காவில் மருத்துவராக உரிமம் பெற எழுதும் யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வின் மூன்றாம் கட்டத்தில் 1999 முதல் கணினி நோயாளிகள் வருகிறார்கள். இப்போது ஒருவர் 13 நோயாளிகளைப் பார்க்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் 10 அல்லது 20 நிமிடம். மருந்தையும் பரிசோதனையையும் மாணவரே தட்டச்சு செய்ய வேண்டும். நாலு ஆப்ஷனில் ஒன்றை டிக் பண்ணும் வேலை இல்லை.

அதில் நோயாளியின் கடிகாரம் தனி. மாணவர் நகர்த்தினால்தான் அது நகரும். ரத்தப் பரிசோதனைக்கு எழுதினால் முடிவு உடனே வராது, கடிகாரத்தை அதற்குரிய நேரம் தள்ளினால்தான் வரும். அந்த நேரத்தில் நோயும் சும்மா இருக்காது. மார்க் போடும்போது என்ன செய்தார் என்பதோடு எந்த நேரத்தில் செய்தார் என்றும் பார்ப்பார்கள். தேவையில்லாமல் ஆபத்தான சிகிச்சை கொடுத்தால் மார்க் குறையும். ரப்பர் காலத்துப் பக்கை எப்படித் திருத்தியிருக்கிறார்கள் பாருங்கள்!

நாமே ஒன்று கட்டிப் பார்ப்போம்: டெங்கு

தியரி போதும். நம்ம ஊருக்குப் பழக்கமான டெங்குவை எடுத்துக்கொள்வோம். மெய்நிகர் நோயாளிக்கு இதைவிடப் பொருத்தமான நோய் கிடைப்பது கஷ்டம். ஏனென்றால் டெங்குவில் காய்ச்சல் இறங்கும்போதுதான் ஆபத்து ஆரம்பிக்கிறது. 3 முதல் 7 நாளுக்குள், காய்ச்சல் விடும் நேரத்தில், சிலருக்கு ரத்தக் குழாய்களிலிருந்து பிளாஸ்மா வெளியே கசியும். அந்தக் கட்டம் 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். "காய்ச்சல் விட்டுடுச்சு, சரியாயிடுச்சு" என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாகும் நேரம் அது.

இதை ஒரு ஸ்டேட் மெஷினாக வரையலாம். நாலு நிலைகள்: காய்ச்சல், கசிவு, ஷாக், மீட்சி. வெளியே தெரியும் வேரியபிள் உடல் சூடு. உள்ளே ஒளிந்திருக்கும் வேரியபிள் பிளாஸ்மாவின் அளவு. இரண்டும் எதிரெதிர்ச் செய்தி சொல்கின்றன. அங்கேதான் பாடம் இருக்கிறது.

கொஞ்சம் கணக்கு போடுவோம். நோயாளியின் எடை 50 கிலோ. கிலோவுக்கு 70 மில்லி என்று வைத்தால், உடலில் ரத்தம் 3500 மில்லி. பி.சி.வி. என்பது ரத்தத்தில் சிவப்பணுக்கள் பிடித்திருக்கும் பங்கு. அது 40 சதவீதம் என்றால், சிவப்பணு 1400 மில்லி, மீதி 2100 மில்லி பிளாஸ்மா. இப்போது பிளாஸ்மா மட்டும் கசிகிறது, சிவப்பணு அப்படியே இருக்கிறது. மறுநாள் பி.சி.வி. 48 என்று வந்தால், 1400ஐ 0.48ஆல் வகுக்க வேண்டும். மொத்த ரத்தம் சுமார் 2917 மில்லிதான்! கிட்டத்தட்ட 580 மில்லி பிளாஸ்மா குழாயை விட்டு வெளியே போய்விட்டது. 40லிருந்து 48 என்பது 20 சதவீத உயர்வு. மருத்துவர்கள் கசிவுக்கு அடையாளமாகப் பார்க்கும் அளவும் அதுதான். இதே ஒரு சமன்பாட்டை வைத்து நம் நோயாளியின் லேப் ரிப்போர்ட்டை மணிக்கு மணி உருவாக்கிவிடலாம்.

அடுத்தது பி.பி. இந்தக் கட்டத்தில் 100/80 என்று காட்டுவோம். மேல் எண்ணை மட்டும் பார்க்கும் மாணவர் "100 இருக்கு, பரவாயில்லை" என்று தாண்டிவிடுவார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 20தான் என்று கவனிப்பவர் பதறுவார். டெங்குவில் அந்த வித்தியாசம் 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் ஷாக்கின் அடையாளம். நிரலில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை காட்டிவிடாதீர்கள். காட்டினால் மாணவர் கற்பது சிவப்பைப் பார்ப்பதை மட்டும்தான்.

இப்போது நோயாளி வாயைத் திறக்கட்டும். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், "காய்ச்சல் விட்டுடுச்சு சார், உடம்பு மட்டும் ஓய்ச்சலா இருக்கு" என்பார். அதோடு நிறுத்திவிட வேண்டும். "வயிறு வலிக்குதா?" என்று கேட்டால்தான் "ஆமா, காலையிலேருந்து விடாம வலிக்குது" என்று வரவேண்டும். "கடைசியா எப்போ யூரின் போனீங்க?" என்று கேட்டால்தான் "நேத்து ராத்திரி" என்று வரவேண்டும். விடாத வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்வு, பிளேட்லெட் வேகமாக இறங்கி பி.சி.வி. ஏறுவது ஆகியவை உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டியில் உள்ள எச்சரிக்கை அறிகுறிகள். இவற்றில் ஒன்றுகூடத் தானாக வெளியே வரக் கூடாது.

மாணவர் "பாராசிட்டமால் கொடுத்து நாளைக்கு வரச் சொல்கிறேன்" என்றால், கடிகாரம் 24 மணி நேரம் தாவும். நோயாளி ஷாக்கில் திரும்பி வருவார். சரி, பயந்துபோய் டிரிப்ஸை அளவில்லாமல் ஏற்றினால்? அதுவும் தப்பு. கசிவு நின்றதும் வெளியே போன திரவம் குழாய்க்குள் திரும்பும். அப்போதும் டிரிப்ஸ் ஓடிக்கொண்டிருந்தால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். அதனால்தான் கொஞ்சம் கொடு, பி.பி.யும் பி.சி.வி.யும் சிறுநீர் அளவும் பார், கூட்டு அல்லது குறை, மறுபடி பார் என்று போகிறார்கள். நமக்குத் தெரிந்த பாஷையில் சொன்னால் இது ஃபீட்பேக் கன்ட்ரோல். கன்ட்ரோலர் இடத்தில் மாணவர் உட்கார்ந்திருக்கிறார்.

ஒரு எச்சரிக்கை: இது பாடத்துக்காகச் சுருக்கிய மாதிரி. ஹாஸ்டலில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் இந்தக் கட்டுரையைத் திறக்காதீர்கள், டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

உண்மையிலேயே பலன் இருக்கா?

நியாயமான கேள்வி. 2010ல் டேவிட் குக் குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். எந்தப் பயிற்சியும் இல்லாமல் இருப்பதோடு ஒப்பிட்டால் மெய்நிகர் நோயாளிகளால் பெரிய பலன். வேறொரு நல்ல பாட முறையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சின்னதுதான். 2019ல் வந்த இன்னொரு தொகுப்பு 51 ஆய்வுகளைப் பார்த்தது. பாட அறிவில் வழக்கமான வகுப்புக்குக் குறைவில்லை, திறன்களில் வகுப்பைவிட மேல் என்பது அதன் முடிவு. மந்திரக்கோல் இல்லை, ஆனால் நல்ல கருவி.

எதற்கு நல்ல கருவி என்பதும் முக்கியம். நோயைப் பற்றி யோசித்து முடிவுக்கு வருவதற்கு. வயிற்றைத் தொட்டுக் கல்லீரல் வீக்கத்தை உணர்வதற்கு இது உதவாது. "என் புள்ள பொழச்சிடுவானா?" என்று கையைப் பிடித்துக் கேட்கும் அம்மாவுக்குப் பதில் சொல்லவும் இது கற்றுக்கொடுக்காது. அதற்கு வார்டுக்குத்தான் போக வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது அமெரிக்க மருத்துவ மாணவர்கள் நோயாளிகளைப் பார்ப்பது நிறுத்தப்பட்டது. அந்த நேரத்தில் திரை வழிப் பாடங்கள் பெரிதும் கை கொடுத்தன. ஆனால் கதவு திறந்ததும் எல்லோரும் வார்டுக்குத் திரும்பினார்கள். திரும்பித்தான் ஆக வேண்டும்.

சாட்பாட் நோயாளி: கவனம்

இப்போது பெரிய மொழி மாடல்களை வைத்து ஒரே வாரக் கடைசியில் ஒரு பேசும் நோயாளியைச் செய்துவிடலாம். பார்க்க அசத்தலாக இருக்கும். ஆனால் இரண்டு குணக்கேடுகள் உண்டு. முதலாவது, உதவி செய்யும் ஆசை. "என்ன பிரச்சினை?" என்று கேட்டதுமே பாடப்புத்தகம் மாதிரி எல்லா அறிகுறிகளையும் ஒப்பித்துவிடும். இரண்டாவது, கற்பனை. கேஸில் இல்லாத ஒன்றைக் கேட்டால் தெரியாது என்று சொல்லாமல் ஒரு அலர்ஜியையே உருவாக்கிவிடும். பத்து நிமிஷம் கழித்து அதை மறந்தும்விடும்.

இதற்கு வழி இருக்கிறது. நோயாளியின் உண்மைகளை டேட்டாபேஸில் வையுங்கள். எந்தக் கேள்விக்கு எந்த உண்மை திறக்கும் என்ற விதியையும் வெளியே, உங்கள் நிரலில் வையுங்கள். பி.சி.வி.யும் பி.பி.யும் மேலே பார்த்த கணக்கிலிருந்து வரட்டும். மொழி மாடலுக்கு ஒரே வேலை: திறந்த உண்மையை மனிதர் மாதிரி சொல்வது.

நம்மால் செய்யக்கூடிய இன்னொரு பெரிய வேலையும் இங்கே இருக்கிறது. தமிழ்நாட்டில் மருத்துவ மாணவர் படிப்பது ஆங்கிலத்தில். நோயாளி பேசுவதோ "நெஞ்சு படபடங்குது", "கிறுகிறுன்னு வருது", "கையெல்லாம் மதமதன்னு இருக்கு", "வயித்தைப் புரட்டுது" என்று. கிறுகிறுப்பு என்றால் தலை சுற்றலா, கண் இருட்டுவதா, பசி மயக்கமா? கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். அந்தக் கேள்வியைப் பழக்கும் தமிழ் பேசும் மெய்நிகர் நோயாளி எவ்வளவு உதவியாக இருக்கும்! ஐரோப்பாவில் 2007 முதல் 2010 வரை நடந்த 'ஈவிப்' திட்டத்தில் 300க்கும் மேற்பட்ட கேஸ்களைப் பல நாட்டுக் கல்லூரிகள் தங்கள் மொழிக்கும் வழக்கத்துக்கும் மாற்றிப் பகிர்ந்துகொண்டன. கேஸ்களை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற 2010லேயே ஒரு பொதுத் தரமும் வந்துவிட்டது. 'ஓபன் லேபிரின்த்' மாதிரி திறந்த மூல மென்பொருளும் இருக்கிறது. சக்கரத்தை முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

கட்டும் முன் கேட்க வேண்டிய நாலு கேள்விகள்

1. நோயாளி கேட்டால் மட்டும்தான் சொல்கிறாரா, இல்லை தானாகக் கொட்டிவிடுகிறாரா?

2. மாணவர் சும்மா இருந்தால் நோய் நகர்கிறதா? கடிகாரமே இல்லாத கேஸ் வெறும் க்விஸ்தான்.

3. எல்லாப் பரிசோதனைகளையும் எழுதும் ஒரு ஸ்கிரிப்டை ஓட விட்டால் எத்தனை மார்க் வருகிறது? நல்ல மார்க் வந்தால் உங்கள் ஸ்கோரிங் தப்பு.

4. முடிந்ததும் 'தவறு' என்று மட்டும் சொல்கிறதா, அல்லது எந்த மணி நேரத்தில் எந்த எண்ணைக் கவனித்திருக்க வேண்டும் என்று திருப்பிக் காட்டுகிறதா?

மூன்றாவதை இன்றைக்கே செய்து பார்க்கலாம். டெங்கு கேஸை நாலு நிலையோடு எழுதுங்கள். 200 வரி பைத்தான் போதும். எழுதி முடித்ததும் மெடிக்கல் படிக்கும் ஒரு நண்பரை உட்காரவைத்து, பின்னால் நின்று பேசாமல் பாருங்கள். அவர் எந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தக் குறிப்போடு அவருடைய பேராசிரியர் ஒருவரைப் போய்ப் பாருங்கள். கேஸ் சரியா என்று சொல்ல வேண்டியது அவர்தான். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு இதோ ஒன்று தயார்!